பழைய காரில் பெட்ரோல் முள் படுத்துக்கொண்டால் எதை வாங்குவது? டெஸ்டர், ஸ்டெபிலைசர், டேங்க் யூனிட் – ஒரு மதிப்பீடு

பழைய காரில் பெட்ரோல் முள் சரியாகக் காட்டவில்லை என்றால் பலரும் முதலில் ஆர்டர் போடுவது டேஷ்போர்டில் இருக்கும் கேஜுக்குத்தான். உண்மையில் கடைசியாக வாங்க வேண்டிய பொருள் அது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பொய் சொல்வது முள்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் டேங்குக்குள் மிதவையோடு கிடந்து பெட்ரோல் மட்டத்தை அளக்கும் யூனிட், அதன் எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), அல்லது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர்.

இந்தக் கோளாறுக்கென்றே விற்கப்படும் ஐந்து வகைப் பொருட்களை இங்கே எடைபோடுகிறோம்: ரெசிஸ்டன்ஸ் டெஸ்டர், எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர், மிதவைக் கை உள்ள யுனிவர்சல் டேங்க் யூனிட், குழாய் வகை யூனிட், ஓம் மாற்றும் பெட்டி. பத்துப் பெயர்களில் வந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பிராண்டைப் பார்க்கவில்லை, வகையைப் பார்க்கிறோம்.

முதலில் உங்கள் கேஜ் எந்த இனம்?

இது தெரியாமல் எதை வாங்கினாலும் வீண். இக்னிஷனைப் போட்டு முள்ளைக் கவனியுங்கள். சோம்பல் முறித்துக்கொண்டு மெல்ல ஏறி, சற்று நேரம் கழித்து ஓரிடத்தில் நிற்கிறதா? அது பைமெட்டல் கேஜ். உள்ளே இரண்டு உலோகங்கள் ஒட்டிய ஒரு பட்டை, அதைச் சுற்றி ஒரு சூடேற்றும் கம்பி. டேங்க் யூனிட் வழியாக எவ்வளவு கரண்ட் ஓடுகிறதோ அவ்வளவு சூடு, அவ்வளவு வளைவு. வோல்டேஜ் ஏறினால் முள்ளும் ஏறிவிடும் என்பதால்தான் இந்த வகைக்கு ஸ்டெபிலைசர் கட்டாயம். பிரிட்டிஷ் கார்களில் வரும் ஸ்மித்ஸ் நிறுவனக் கேஜுக்கு சராசரி 10 வோல்ட். ஃபோர்டு, கிரைஸ்லர் கார்களில் சராசரி 5 வோல்ட்.

இக்னிஷன் போட்ட கையோடு முள் துள்ளி எழுந்து, வளைவில் திரும்பும்போது பெட்ரோல் அலையோடு சேர்ந்து ஆடுகிறதா? அது காந்தச் சுருள் கேஜ். இரண்டு சுருள்கள் இரண்டு பக்கம் இழுக்க, அந்த இழுவைகளின் விகிதத்தில் முள் நிற்கிறது. பேட்டரி 12 வோல்ட்டில் இருந்தாலும் 14 வோல்ட்டில் இருந்தாலும் விகிதம் அவ்வளவாக மாறாது. இதற்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்கள், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் ஆரம்ப கால வண்டிகள் போன்றவற்றில் இதுதான்.

அடுத்தது ஓம் கணக்கு. பெட்ரோல் மட்டம் மாற மாற டேங்க் யூனிட் தன் மின்தடையை (ரெசிஸ்டன்ஸ்) மாற்றும்; அந்தத் தடையின் அளவுதான் ஓம். ஜிஎம் கார்களில் 1965 முதல் காலி டேங்க் 0 ஓம், நிறைந்த டேங்க் 90 ஓம். அதற்கு முந்தைய வண்டிகளில் 0 முதல் 30. ஃபோர்டு வண்டிகளில் 1986 வரை காலிக்கு 73, நிறைவுக்கு 10. பழைய கிரைஸ்லரும் கிட்டத்தட்ட அதே கணக்கு. விடிஓ என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கேஜ்களில் பரவலானது காலிக்கு 10, நிறைவுக்கு 180. தனியாக விற்கும் யுனிவர்சல் கேஜ்களில் காலிக்கு 240, நிறைவுக்கு 33. ஸ்மித்ஸ் பைமெட்டல் கேஜ் காலிக்கு 240–250 ஓம் பக்கமாகவும், நிறைவுக்கு 20 ஓம் பக்கமாகவும் இருக்கும்.

இதில் மனப்பாடமாக இருக்க வேண்டியது எண்கள் அல்ல, திசை. ஃபோர்டிலும் ஸ்மித்ஸ் பைமெட்டலிலும் பெட்ரோல் ஏற ஏற ஓம் இறங்கும். ஜிஎம்மிலும் விடிஓவிலும் பெட்ரோலும் ஓமும் சேர்ந்தே ஏறும். ஆகவே டேங்குக்குப் போகும் ஒயர் அறுந்தால் ஃபோர்டில் முள் காலிக்கு விழும். ஜிஎம்மில் நிறைவுக் கோட்டையும் தாண்டி முட்டிக்கொண்டு நிற்கும். அதே ஒயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால் எல்லாம் தலைகீழ். முள் நிற்கும் இடத்தைப் பார்த்தே ஒயர் அறுந்ததா, ஷார்ட் ஆனதா என்று பாதி முடிவு செய்துவிடலாம். இதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

ரெசிஸ்டன்ஸ் டெஸ்டர்: முதல் செலவு இதுவாக இருக்கட்டும்

டேங்க் யூனிட்டின் வேடத்தைப் போடும் சின்னப் பெட்டி இது. இரண்டு கிளிப், ஒன்றோ இரண்டோ திருகு. 10 ஓம் வைத்தால் கேஜுக்கு 10 ஓம் யூனிட் போலத் தெரியும். 240 வைத்தால் 240. இவ்வளவு எளிய பொருள் இவ்வளவு வேலை செய்வது அபூர்வம்.

இரண்டு ரகம் கிடைக்கிறது. ஒன்றில் பத்துகளுக்கு ஒரு திருகு, ஒற்றைகளுக்கு ஒரு திருகு என்று படிப்படியாக நிற்கும். மற்றது ஒரே குமிழைச் சுற்றும் ரகம்; அதில் அச்சிட்ட எண்ணை நம்ப முடியாது, ஒவ்வொரு முறையும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும். படித் திருகு உள்ளதை வாங்குங்கள். இன்னொன்று, அது எத்தனை வாட் தாங்கும் என்று பாருங்கள். பைமெட்டல் கேஜோடு வேலை செய்யும்போது டெஸ்டருக்குள் கிட்டத்தட்ட அரை வாட் சூடு கிளம்பும். கால் வாட் தாங்கும் ரேடியோக் குமிழை உள்ளே வைத்திருக்கும் மலிவுப் பெட்டி இரண்டு மூன்று சோதனையிலேயே கருகிவிடும், அல்லது சூட்டில் ஓம் மாறி உங்களைக் குழப்பும். 2 வாட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பெட்டி வாங்க மனமில்லையா? எலக்ட்ரானிக் கடையில் 2 வாட், 5 சதவீத ரெசிஸ்டர்கள் ஆறு போதும்: 10, 33, 75, 91, 180, 240 ஓம். எல்லாமே வழக்கமாகக் கிடைக்கும் அளவுகள். 73-க்கு 75-ம், 90-க்கு 91-ம் கேஜின் கண்ணுக்கு ஒன்றுதான். ஸ்மித்ஸ் கேஜுக்கு ஒரு 20 ஓம் சேர்த்துக்கொள்ளலாம். யுனிவர்சல் கேஜில் பாதி டேங்கைப் பார்க்க 100 ஓம் (சரியான அளவு 103), ஜிஎம்மில் பாதிக்கு 47. ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு கிளிப் ஒயரைப் பற்றவைத்து, ஓமைக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டால் பெட்டி செய்யும் அதே வேலையைச் செய்யும். அழகு குறைவு, துல்லியம் குமிழ்ப் பெட்டியைவிட மேல்.

பயன்படுத்தும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். இக்னிஷனை அணைத்துவிட்டு டேங்க் யூனிட்டிலிருந்து ஒயரைக் கழற்றுங்கள். டெஸ்டரின் ஒரு கிளிப் அந்த ஒயரில், மற்றது பெயின்ட் இல்லாத பாடி இரும்பில். இரண்டும் மாட்டியபின்தான் இக்னிஷன். உயிருள்ள ஒயரை டேங்க் வாயருகே உரசினால் பொறி பறக்கும். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் அது விளையாட்டல்ல. காலி ஓம் வைத்து ஒரு முறை, நிறைவு ஓம் வைத்து ஒரு முறை பாருங்கள். பைமெட்டல் கேஜ் என்றால் ஒவ்வொரு முறையும் முழுதாக ஒரு நிமிடம் காத்திருங்கள். அவசரப்பட்டு பத்து நொடியில் படித்துவிட்டு, கேஜ் குறைத்துக் காட்டுகிறது என்று முடிவு கட்டுவது வழக்கமான தவறு.

இரண்டு முனையிலும் முள் சரியாக நின்றால் கேஜ், ஒயர், ஸ்டெபிலைசர் மூன்றும் நிரபராதிகள். குற்றவாளி டேங்க் பக்கம்தான். சரியாக நிற்கவில்லை என்றால் டெஸ்டரை எடுத்துக்கொண்டு கேஜின் பின்பக்கம் போங்கள். யூனிட்டிலிருந்து வரும் ஒயரை அங்கே கழற்றிவிட்டு, அந்த டெர்மினலில் நேரடியாகச் சோதியுங்கள். அங்கே சரியாக இருந்தால் நடுவில் உள்ள ஒயர் கோளாறு. பூட் தரைவிரிப்புக்கு அடியிலும், கதவு வாசல்படி ஓரத்திலும், புல்லட் கனெக்டர்களுக்குள்ளும் பச்சை பூத்திருக்கும்.

பழைய மெக்கானிக் பாணியில் டேங்க் ஒயரை நேரே பாடியில் தொட்டுப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். சுருள் கேஜுக்கு அது பெரிய ஆபத்தில்லை. பைமெட்டல் கேஜை அப்படி நேராக எர்த் செய்து அப்படியே விட்டால் முள் நிறைவைத் தாண்டி முட்டி, பட்டை நிரந்தரமாகக் கோணிப்போகலாம். முள் நகர்கிறதா என்று கண்டதும் எடுத்துவிட வேண்டும். ஓம் வைத்துச் சோதிக்க டெஸ்டர் இருக்கும்போது இந்த வீரம் எதற்கு?

காசில்லாத மருந்து: எர்த்

வாங்கும் பட்டியலுக்கு நடுவே இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் டேங்க் யூனிட்டைத் தேவையில்லாமல் மாற்றியவர்களில் கணிசமானோருக்குக் கோளாறு இங்கேதான் இருந்திருக்கும். பல கார்களில் யூனிட்டுக்குத் தனி எர்த் ஒயர் கிடையாது. யூனிட்டின் தட்டு டேங்கைத் தொட, டேங்க் அதன் போல்ட் வழியாகப் பாடியைத் தொட, அதுதான் எர்த். வண்டியைப் புதுப்பிக்கும்போது டேங்குக்குப் பவுடர் கோட்டிங் அடித்து, அடியில் ரப்பர் வைத்து, புது போல்ட் போட்டு முறுக்கினால் டேங்க் பளபளக்கும், எர்த் போய்விடும். ரெஸ்டோரேஷன் முடிந்த மறுநாளே முள் செத்துவிட்டது என்ற புகாருக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சோதனை இரண்டு நிமிடம். ஒயரைக் கழற்றிவிட்டு யூனிட் டெர்மினலுக்கும் யூனிட்டின் தட்டுக்கும் இடையே ஓம் அளக்கவும். பிறகு அதே டெர்மினலுக்கும் பாடிக்கும் இடையே அளக்கவும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது எண் 5 ஓம் கூடுதலாக வந்தால் அந்த 5 ஓம் முழுக்க எர்த் கோளாறு. 240 ஓம் கணக்கில் ஓடும் கேஜில் 5 ஓம் அவ்வளவாகத் தெரியாது. ஃபோர்டில் நிறைவே 10 ஓம் என்பதால் 15 ஆகிவிட்டால் முழு டேங்கும் முக்கால் டேங்க் போலத் தெரியும். அளக்கும் முன் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டு, அதன் சொந்த ஓமைக் கழித்துக்கொள்ளவும். தீர்வு: யூனிட் தட்டின் ஒரு திருகிலிருந்து பாடிக்கு ஒரு மில்லிமீட்டர் சதுர ஒயர், இரு முனையிலும் வளைய டெர்மினல், அடியில் பல் வாஷர். அவ்வளவுதான்.

எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசர்: நல்ல பொருள், தப்பாக வாங்கப்படும் பொருள்

பெட்ரோல் முள்ளும் வெப்பநிலை முள்ளும் ஒரே நேரத்தில் தப்பாகக் காட்டினால் சந்தேகம் ஸ்டெபிலைசர் மேல். இரண்டும் செத்திருந்தால் அதற்குள் இருக்கும் தொடுமுனை திறந்தபடியே நின்றுவிட்டது, அல்லது ஃப்யூஸ் போயிருக்கிறது. இரண்டும் கூட்டிக் காட்டினால் பெரும்பாலும் ஸ்டெபிலைசரின் எர்த் போயிருக்கிறது. பழைய இயந்திர ஸ்டெபிலைசருக்குள்ளும் ஒரு பைமெட்டல் பட்டைதான்; சூடாகித் திறந்து, ஆறி மூடி, விட்டுவிட்டு 12 வோல்ட்டைத் தந்து சராசரியை 10-ல் வைக்கிறது. அதன் ஹீட்டருக்கு உடல் வழியாகத்தான் எர்த். எர்த் போனால் பட்டை சூடாகாது, தொடுமுனை திறக்காது, கேஜுக்கு முழு பேட்டரி வோல்டேஜும் போகும். புதியது வாங்கும் முன் அந்த ஒற்றைத் திருகைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

டிஜிட்டல் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் பழைய ஸ்டெபிலைசரில் எண்கள் 0-க்கும் 12-க்கும் இடையே தாண்டவமாடும். அது கெட்டதற்கு அடையாளமில்லை, அது வேலை செய்யும் விதமே அப்படி. சின்ன டெஸ்ட் பல்பை மாட்டி, விட்டுவிட்டு எரிகிறதா என்று பார்ப்பது மேல். பழையதையே மறுபடி பொருத்தினால் அம்புக்குறி அல்லது எழுத்து மேலே பார்க்க நிமிர்ந்து வையுங்கள். சாய்த்து வைத்தால் உள்ளே சூடு பரவும் விதம் மாறி சராசரியும் மாறும்.

எலக்ட்ரானிக் மாற்று இவ்வளவு நாடகம் ஆடாது. பெரும்பாலும் பழைய டப்பாவைப் போன்ற உறைக்குள் ஒரு 7810 ரெகுலேட்டர் (வோல்டேஜை 10-ல் நிறுத்தும் சின்ன சிப்), இரண்டு கெப்பாசிட்டர். நிலையான 10 வோல்ட், அசைவே இல்லை. ஸ்மித்ஸ் கேஜ் இரண்டுக்கு இது தாராளம். ஆனால் வாங்கும் முன் மூன்று விஷயம்.

முதலாவது துருவம். பழைய பிரிட்டிஷ் கார்கள் பல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தவை. 7810 நெகட்டிவ் எர்த் வண்டிக்கு மட்டும். பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு 7910 போட்டது வேண்டும். மாற்றி மாட்டினால் நொடியில் போய்விடும். சொந்தமாகச் செய்பவர்களுக்கு ஒரு பொறி: 78 வரிசையில் உலோகத் தகடு எர்த்தோடு இணைந்தது, அப்படியே பாடியில் திருகலாம். 79 வரிசையில் அந்தத் தகடு இன்புட்டோடு இணைந்தது. மைக்கா வைத்துப் பிரிக்காமல் பாடியில் திருகினால் நேரே ஷார்ட்.

இரண்டாவது சூடு. ஸ்மித்ஸ் கேஜ்கள் இரண்டும் சேர்ந்து கால் ஆம்பியர் பக்கம்தான் இழுக்கும். 14 வோல்ட்டை 10 ஆக்கும்போது வீணாவது ஒரு வாட். சின்ன உறையே தாங்கும். ஃபோர்டின் 5 வோல்ட் கதை வேறு. பெட்ரோல், வெப்பம், ஆயில் என்று மூன்று கேஜும் உச்சத்தில் இழுத்தால் அரை ஆம்பியரைத் தாண்டும். 14-ஐ 5 ஆக்க 9 வோல்ட் விழ வேண்டும். ஆக நாலரை ஐந்து வாட். ஹீட்சிங்க் இல்லாத 5 வோல்ட் ஸ்டெபிலைசர் சூடேறித் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். நெடுந்தூரம் ஓட்டியபின் எல்லா முள்ளும் சேர்ந்து இறங்குகிறதென்றால் காரணம் இது. அலுமினிய முதுகு இல்லாத 5 வோல்ட் ரகத்தைத் தொடாதீர்கள். சுவிட்சிங் ரகம் சூடாகாது, ஆனால் மலிவானவை பழைய ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும்.

மூன்றாவது, சாதாரண 7810-க்கு வெளியே 10 வோல்ட் வர, உள்ளே 12-க்குக் கொஞ்சம் மேல் வேண்டும். இன்ஜின் ஓடாமல், தளர்ந்த பேட்டரியில் இக்னிஷனை மட்டும் போட்டுப் பார்த்தால் முள் ஒரு நூல் குறைத்துக் காட்டும். குறையில்லை, இயல்பு. இழப்பு குறைந்த ரெகுலேட்டர் போட்ட ரகங்களில் இந்தச் சிக்கலும் இல்லை; கூடுதல் விலை நியாயமானதே.

எங்கள் தீர்ப்பு: பைமெட்டல் கேஜ் வண்டிக்குத் தயங்காமல் வாங்கலாம். சுருள் கேஜ் வண்டிக்கு யாராவது இதை விற்க முயன்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

டேங்க் யூனிட்: பழையதைத் தூக்கிப் போடும் முன்

யூனிட்டைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் பேட்டரி எர்த்தைக் கழற்றவும். யூனிட் டேங்கின் பக்கவாட்டில் இருந்தால் பெட்ரோலை அந்தத் துளைக்குக் கீழே வரும்வரை இறக்கவும். பூட்டு வளையத்தை இரும்பு உளியால் தட்ட வேண்டாம். பித்தளைத் துண்டு வைத்துத் தட்டினால் பொறி வராது. மிதவையும் கையும் உள்ளே வளைந்து கிடக்கும். நேரே இழுக்காமல் திருப்பித் திருப்பி எடுக்கவும்.

வெளியே எடுத்ததும் ஓம் மீட்டரை மாட்டி, மிதவைக் கையை மேலிருந்து கீழ்வரை மிக மெதுவாக நகர்த்துங்கள். இதற்கு முள் வைத்த பழைய மீட்டர் டிஜிட்டலைவிட நல்லது, இடையில் ஒரு கணம் விட்டுப்போவதைக் கண்ணால் பிடிக்கலாம். ஓரிடத்தில் மட்டும் துள்ளினால் அங்கே சுருள் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது தொடுநாக்கு தேய்ந்திருக்கிறது. ஃபோர்டு, ஸ்மித்ஸ் பைமெட்டல் வண்டிகளில் அதன் அறிகுறி: முக்கால் டேங்க் வரை ஒழுங்காக இறங்கிய முள், ஒரே அளவில் ஒவ்வொரு முறையும் தடாலென்று விழுந்து, கொஞ்சம் கழித்து மீண்டும் எழும். வெறும் அழுக்கும் பெட்ரோல் பிசினும் என்றால் எலக்ட்ரிகல் கிளீனர் அடித்து, கையைப் பலமுறை ஆட்டினால் சரியாகிவிடும். உப்புத்தாள் போடாதீர்கள், அந்தக் கம்பி தலைமுடி போல மெல்லியது.

மிதவை பித்தளை என்றால் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் பெட்ரோல் புகுந்திருக்கிறது. சத்தமில்லை என்றாலும் வெந்நீரில் அமுக்கிப் பாருங்கள். உள்ளே காற்று விரிந்து, ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். பெட்ரோல் புகுந்த மிதவையைப் பற்றவைக்க முனைய வேண்டாம், உள்ளே இருக்கும் ஆவி வெடிக்கும். புது மிதவை தனியாகவே கிடைக்கிறது, மிதவைக் கையில் கிளிப்பாக மாட்டும். மூழ்கிய மிதவையின் அறிகுறியும் குழப்பமில்லாதது: டேங்க் நிறைந்தாலும் முள் காலியை விட்டு எழாது, ஆனால் டெஸ்டர் வைத்தால் கேஜ் மிகச் சரியாக இருக்கும்.

மிதவைக் கை யுனிவர்சல் யூனிட்

உங்கள் வண்டிக்கென்றே செய்த யூனிட் கிடைத்தால் அதையே வாங்குங்கள்; மேலே படிக்க வேண்டாம். கிடைக்காதபோதுதான் இது. ஐந்து திருகுத் துளை கொண்ட எஸ்ஏஇ (வாகனப் பொறியியல் தர அளவு) தட்டில் வரும்; துளைவட்டம் 54 மி.மீ., ஒரு துளை சற்றே விலகியிருப்பதால் ஒரே நிலையில்தான் உட்காரும். பூட்டு வளையம் வைத்த பிரிட்டிஷ் டேங்குக்கு இது நேரே பொருந்தாது. இணைப்புத் தட்டு வேண்டும், அல்லது டேங்கை மாற்ற வேண்டும்.

ஆர்டர் போடும்போது ஓம் அளவைக் கேஜுக்குப் பொருத்திக் கேளுங்கள். 240–33 யூனிட்டை 0–90 கேஜில் மாட்டினால் முள் தலைகீழாக ஓடும்; எந்த ரெசிஸ்டரைச் சேர்த்தும் அதைத் திருப்ப முடியாது. திசை ஒன்றாக இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். 10–180 யூனிட்டுக்குப் பக்க இணைப்பாக 180 ஓம் போட்டால் நிறைவில் சரியாக 90 வரும். காலியில் ஒன்பதரை ஓம் நிற்கும், அதாவது முள் காலிக் கோட்டைத் தொடாமல் சற்று மேலேயே நின்றுவிடும். நடுவே கணக்கும் கோணும். காலியான டேங்கை இன்னும் கொஞ்சம் இருப்பதாகக் காட்டுவது மோசமான பொய். அவசரத்துக்கு மட்டும்.

பொருத்தும் கணக்கு எளிது, ஆனால் பாக்கெட்டில் வரும் தாள் பலருக்குப் புரிவதில்லை. டேங்கின் உள் ஆழத்தைக் குச்சி விட்டு அளக்கவும். கை சுழலும் அச்சு அந்த ஆழத்தின் பாதியில் இருக்க வேண்டும். கை மொத்தம் 90 பாகை அளவுக்கு ஆடினால், அச்சிலிருந்து மிதவையின் நடுவரை நீளம் ஆழத்தில் 0.7 பங்கு. 20 செ.மீ. ஆழ டேங்குக்கு அச்சு 10 செ.மீ.யில், கை 14 செ.மீ.; மிதவையின் கனத்துக்கு இடம் விட்டு 13 என்று வையுங்கள். வெட்டும் முன் ஒரு அட்டையில் டேங்கின் பக்கத் தோற்றத்தை முழு அளவில் வரைந்து, யூனிட்டை அதன்மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். கம்பியை வெட்டியபின் ஒட்ட முடியாது. டேங்குக்குள் தடுப்புத் தகடு இருந்தால் கை அதில் இடிக்காத திசையில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும், ஆனால் அந்த விலகிய துளை இருக்கிறதே, அது அனுமதிக்காது. இங்கேதான் பலருக்குத் தலைவலி போய்த் திருகுவலி வருகிறது.

தரத்தில் ஏற்றத்தாழ்வு அதிகம். கையில் வந்ததும் பொருத்தும் முன் இரு முனையிலும் ஓம் அளக்கவும். 240-க்குப் பதில் 225, 33-க்குப் பதில் 40 என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள். கூடவே வரும் ரப்பர் கேஸ்கெட் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊதிப்போகும் ரகமா என்று தெரியாது. எரிபொருள் தாங்கும் நைட்ரைல் அல்லது விட்டான் கேஸ்கெட்டை வெட்டிப் போடுவது நிம்மதி. திருகுகள் டேங்குக்குள் திறந்திருந்தால் ஒவ்வொரு தலைக்கடியிலும் சீல் வாஷர் வேண்டும். மறந்தால் டேங்கை நிறைத்த அன்று பூட் முழுக்கப் பெட்ரோல் வாடை.

குழாய் வகை யூனிட்

நிமிர்ந்த குழாய்க்குள் வரிசையாகச் சின்னக் காந்த சுவிட்சுகள். காந்தம் வைத்த மிதவை ஏறி இறங்க அவை ஒவ்வொன்றாக மூடும். தேயும் தொடுநாக்கு இல்லை. அலையில் முள் ஆடுவதும் குறைவு. உயரமான, தட்டையான அடி கொண்ட, மேலே துளை உள்ள டேங்குக்கு இதைவிட நல்லது இல்லை.

ஆனால் முள் வழுக்கிக்கொண்டு இறங்காது, படிப்படியாக இறங்கும். ஆழம் குறைந்த அகல டேங்கில் மொத்தமே ஏழெட்டுப் படிதான் கிடைக்கும். ஒரு படி இறங்கினால் பல லிட்டர் போயிருக்கும். நீளத்தை வெட்ட முடியாது, சரியான நீளமாகவே வாங்க வேண்டும். அடியில் ஒரு செ.மீ. இடைவெளி விடவும். துளை பக்கவாட்டில் இருந்தால் மறந்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், உள்ளே துரு இருக்கும் டேங்கில் இதைப் போடாதீர்கள். மிதவைக் காந்தம் துருத் துகளை எல்லாம் இழுத்து ஒட்டிக்கொண்டு குழாயில் சிக்கிவிடும். டேங்கைச் சுத்தம் செய்து உள்பூச்சு அடித்த வண்டிக்கு மட்டும் இது.

ஓம் மாற்றும் பெட்டி

யூனிட்டுக்கும் கேஜுக்கும் நடுவே உட்கார்ந்து, ஒன்றின் ஓமை மற்றதன் மொழிக்குப் பெயர்க்கும் சின்னப் பெட்டி. தலைகீழ் திசையையும் திருப்பும். அலை ஆட்டத்தையும் தணிக்கும். அசல் கேஜை வைத்துக்கொண்டு வேறு யூனிட்டோடு வாழ வேண்டிய கட்டாயம் இருந்தால் வேறு வழியில்லை, நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டு புள்ளியில் மட்டும் கற்றுக்கொள்ளும் ரகத்தைவிட ஐந்து புள்ளியில் கற்றுக்கொள்வதை வாங்குங்கள். கோணல்மாணலான டேங்கில் பாதி என்பது உண்மையிலேயே பாதியாகத் தெரிய அதுதான் வழி. மோசமான எர்த்தையும் தேய்ந்த யூனிட்டையும் மறைக்க இதை வாங்குபவர்கள் உண்டு. இன்றைய கோளாறுக்குத் தக்க அது கற்றுக்கொள்ளும். எர்த் இன்னும் கொஞ்சம் கெட்டதும் முள் மறுபடி பொய் சொல்லும்.

கடைசியாகக் கேஜ்

டெஸ்டர் கேஜின் பின்பக்க டெர்மினலிலேயே தவறைக் காட்டி, ஸ்டெபிலைசர் வோல்டேஜும் சரியாக இருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். அப்போதும் புதியது வாங்கும் முன் ஒரு நிமிடம். ஸ்மித்ஸ் பைமெட்டல் கேஜின் முதுகில் இரண்டு சின்னத் துளைகள், அடைப்பு போட்டு இருக்கும். உள்ளே இருப்பவை காலி முனையையும் நிறைவு முனையையும் திருத்தும் பற்கள். டெஸ்டரைக் காலி ஓமில் வைத்து ஒரு நிமிடம் விட்டு, மெல்லிய திருப்புளியால் ஒரு பல் நகர்த்தவும். நிறைவு ஓமில் வைத்து அதையே செய்யவும். ஒன்றைத் திருத்தினால் மற்றது சற்று நகரும் என்பதால் இரண்டு மூன்று சுற்று வேண்டியிருக்கும். கேஜை மேசையில் படுக்க வைத்துச் செய்யாமல், டேஷ்போர்டில் நிற்கும் அதே நிலையில் நிறுத்திவைத்துச் செய்யவும்.

திருத்தும்போது காலிக் கோட்டை உண்மையான காலிக்கு வைக்காதீர்கள். டேங்க் அடியில் நாலைந்து லிட்டர் இருக்கும்போதே முள் காலியைத் தொடும்படி மிதவைக் கையை ஒரு நூல் வளைத்துவிடுங்கள். அந்த அளவை உறுதிசெய்ய வழி ஒன்றே: டேங்கில் உள்ள பெட்ரோலை முழுக்க இறக்கி, அளவு ஜாடியால் ஐந்து லிட்டர் ஊற்றி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது.